கொழுப்பை எரிக்கும் பழம்

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் புறப்படும் படகில் ஆட்கள் மட்டும் ஏறுவதில்லை. அரிசி மூடை, மா மூடை, சீமெந்துப் பை, எரிவாயுச் சிலிண்டர், சோடாப் பெட்டி என்று ஒரு தீவின் வாழ்க்கைக்கு வேண்டியவை எல்லாம் மனிதத் தோளில் ஏறித்தான் படகுக்குள் இறங்குகின்றன. மூடையைத் தூக்கி, அசையும் பலகையில் கால் வைத்து நடப்பவரின் தசைகள் அந்த வேலைக்கு எதை எரிக்கின்றன? குளுக்கோசையும் கொழுப்பையும் சேர்த்துத்தான். எது எவ்வளவு என்பதை வேலையின் வேகமும், கடைசியாகச் சாப்பிட்ட உணவும், உடலின் பழக்கமும் தீர்மானிக்கின்றன. இந்த விகிதத்தைக் கொழுப்பின் பக்கம் சாய்க்க ஒரு பழத்தால் முடியுமா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

அந்தப் பழம் புளூபெரி. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு இதே துறைவழியாக வரும் வெளிநாட்டு உறவுகளின் பெட்டியில், சொக்லேற்றுகளுக்கு நடுவே உலர்ந்த புளூபெரிப் பொதி ஒன்றும் இருப்பது இப்போது புதுமையில்லை. புங்குடுதீவாரும் நயினாதீவாரும் பெருமளவில் குடியேறிய கனடா, உலகில் மிக அதிகமாகப் புளூபெரி விளையும் நாடுகளில் ஒன்று. பழத்தோடு ஒரு செய்தியும் வருகிறது: இது கொழுப்பைக் கரைக்கும், நீரிழிவுக்கு நல்லது, தினமும் ஒரு பிடி சாப்பிடுங்கோ. அன்போடு சொல்லப்படும் அந்த வார்த்தையை அறிவியல் எவ்வளவு தூரம் தாங்கிப் பிடிக்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

புளிப்பு மண்ணின் செடி

புளூபெரி நம்முடைய தீவுகளில் வளராது. காரணம் வெயில் மட்டுமல்ல, மண்ணும்தான். யாழ்ப்பாணக் குடாநாடும் அதைச் சூழ்ந்த தீவுகளும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தவை. நெடுந்தீவின் வேலிகள்கூடக் கல்லை அடுக்கிக் கட்டியவைதான். இந்த மண்ணின் பீ.எச். அளவு பொதுவாக 7 இற்கு மேல். புளூபெரிக்கு 4 இற்கும் 5.5 இற்கும் இடைப்பட்ட அமில மண் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் அது வேர் உறிஞ்ச முடியாத வடிவில் இறுகிவிடும். செடி இலை மஞ்சளாகி நலிந்து போகும்.

இந்த உண்மையைக் கண்டறிந்தவர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தாவரவியலாளர் பிரெடெரிக் கோவில். அதுவரை புளூபெரி காட்டில் பறிக்கும் பழம். தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் நல்ல உரமிட்ட மண்ணில் நட்டுத் தோற்றார்கள். செடிக்கு வேண்டியது அமில மண் என்று கோவில் 1910 இல் எழுதி வெளியிட்டார். அதை வாசித்த எலிசபெத் வைற் என்ற பெண் நியூ ஜேர்சியில் இருந்த தன் குடும்பப் பண்ணையில் அவருக்கு இடம் கொடுத்தார். காட்டில் பெரிய பழம் காய்க்கும் செடிகளை ஊர்மக்களிடம் கேட்டுக் கேட்டுச் சேகரித்தார். 1916 இல் முதல் தோட்டப் பழங்கள் சந்தைக்கு வந்தன. உலகமெங்கும் இன்று விற்கப்படும் பெரிய புளூபெரி, நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் வயதுள்ள ஒரு பயிர்தான்.

அந்தப் பழத்தின் கருநீலத் தோலில் இருப்பவை அந்தோசயனின்கள் என்ற நிறமிகள். டெல்பினிடின், சயனிடின், பெற்றுனிடின், பியோனிடின், மல்விடின் என்ற ஐந்து மூலக்கூறுகளோடு வெவ்வேறு சீனிகள் இணைந்து உருவானவை அவை. புளூபெரியைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த நிறமிகளைச் சுற்றித்தான் நடக்கின்றன.

உடலில் கொழுப்பு எரியும் விதம்

சாப்பாட்டில் மிஞ்சும் சக்தியை உடல் கொழுப்புக் கலங்களில் மூன்று கொழுப்பமிலங்களும் ஒரு கிளிசரோலும் சேர்ந்த மூலக்கூறாகச் சேமிக்கிறது. தேவை வரும்போது அந்த மூலக்கூறு பிரிக்கப்படுகிறது. கொழுப்பமிலங்கள் குருதியில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு தசைக்குப் போகின்றன. அங்கே கார்னிற்றீன் என்ற காவி அவற்றை இழைமணிக்குள் கொண்டுசேர்க்கிறது. இழைமணி அவற்றை இரண்டிரண்டு காபன்களாக வெட்டி, ஒட்சிசனோடு சேர்த்து எரிக்கிறது. முடிவில் மிஞ்சுவது காபனீரொட்சைட்டும் நீரும்.

கொழுப்பு கரைந்து எங்கே போகிறது என்று கேட்டால் பலர் வியர்வை என்பார்கள், சிலர் வெப்பம் என்பார்கள். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் அன்ட்ரூ பிறவுணும் 2014 இல் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். உடலிலிருந்து 10 கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்து போக வேண்டுமானால் 29 கிலோ ஒட்சிசனை உள்ளே இழுக்க வேண்டும். அந்த 10 கிலோவில் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சுவழியே வெளியேறும். மீதி 1.6 கிலோ நீராகும். உடல் கொழுப்பு பெரும்பாலும் மூச்சாகத்தான் வெளியே போகிறது.

மூச்சே அளவுகோலாகவும் ஆகிறது. ஒரு குளுக்கோசு மூலக்கூறு எரிய ஆறு ஒட்சிசன் வேண்டும், ஆறு காபனீரொட்சைட்டு வெளிவரும்: விகிதம் 1. பாமிற்றிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் எரிய 23 ஒட்சிசன் வேண்டும், 16 காபனீரொட்சைட்டு வெளிவரும்: விகிதம் 0.7. ஒருவரின் முகத்தில் முகமூடி பொருத்தி இழுக்கும் ஒட்சிசனையும் விடும் காபனீரொட்சைட்டையும் அளந்தால், அந்த நேரத்தில் அவர் எதை எவ்வளவு எரிக்கிறார் என்று ஊசி குத்தாமலே கணக்கிடலாம்.

இன்சுலினின் பங்கும் முக்கியம். சோறு சாப்பிட்டதும் குருதியில் குளுக்கோசு ஏறும், இன்சுலின் சுரக்கும். இன்சுலின் கூடியிருக்கும்வரை கொழுப்புக் கலங்கள் தம் இருப்பை வெளியே விடுவதில்லை. இன்சுலினுக்கு உடல் சரியாகப் பதிலளிக்காத நிலை வந்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. சாப்பிட்ட பிறகும் கொழுப்பமிலங்கள் குருதியில் அலைந்து, ஈரலிலும் தசையிலும் போய்ப் படிகின்றன. கொழுப்பு அனுசேபம் என்று சொல்லும்போது இடுப்பளவை மட்டும் நினைத்துவிடக் கூடாது. சேமித்தல், விடுவித்தல், எரித்தல் ஆகிய மூன்றும் ஒழுங்காக நடப்பதே ஆரோக்கியம்.

கலத்தில் கண்டது, எலியில் கண்டது

2011 இல் ரெக்சாஸ் மகளிர் பல்கலைக்கழகத்தில் சிவானி மோகே செய்த ஆய்வு உலகச் செய்தியானது. எலியின் கொழுப்பு முன்கலங்களை ஆய்வுகூடத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் புளூபெரியின் பொலிபீனோல்களை விட்டபோது, கலங்களுக்குள் சேரும் கொழுப்பு குறைந்தது. மிகக் கூடிய அளவு கொடுத்த கலங்களில் ஏறத்தாழ முக்கால்பங்கு குறைந்தது. புளூபெரி கொழுப்புக் கலங்களைத் தடுக்கிறது என்ற தலைப்புகள் இதிலிருந்துதான் பிறந்தன.

ஆய்வு சரியானது. அதை மனித உடலுக்கு நேரே கொண்டுவருவதில்தான் சிக்கல். தட்டில் ஊற்றப்பட்ட திரவத்தின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 150 முதல் 250 மைக்ரோகிராம் பொலிபீனோல் இருந்தது. ஒருவர் ஒரு கோப்பை புளூபெரி சாப்பிட்ட பிறகு அவரது குருதியில் காணப்படும் அந்தோசயனினின் அளவு இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. குடலில் உறிஞ்சப்படுவது சிறுபகுதிதான், மீதி பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே வாழும் பற்றீரியாக்கள் அதை உடைத்துச் சிறிய பீனோலிக் அமிலங்களாக்குகின்றன.

இந்த உடைந்த துண்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று காட்டிய ஆய்வு 2013 இல் வந்தது. பாரமான காபன் 13 அணுக்களால் அடையாளமிட்ட சயனிடின் குளுக்கோசைட்டு 500 மில்லிகிராமை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து, அந்தக் காபன் எங்கே போகிறது என்று மூச்சிலும் சிறுநீரிலும் குருதியிலும் தேடினார்கள். ஏறத்தாழ 12 சதவீதம் உடலுக்குள் சென்றிருந்தது. அதில் மிகப் பெரும்பகுதி உடைந்த துண்டுகளாகவே இருந்தது. ஆகவே புளூபெரி உடலில் ஏதாவது செய்கிறதென்றால், அதைச் செய்பவை நீல நிறமியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறமியை நேரே கலத்தின் மேல் ஊற்றிப் பார்க்கும் சோதனை இந்தக் கதையின் ஒரு துணுக்கை மட்டுமே காட்டும்.

எலிகளிடம் போனால் முடிவுகள் இரண்டாகப் பிரிகின்றன. 2008 இல் ரொனால்ட் பிறயரும் குழுவினரும் கொழுப்பு நிறைந்த உணவு தின்ற சுண்டெலிகளுக்குப் புளூபெரியை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். பழத்திலிருந்து பிரித்தெடுத்த அந்தோசயனினைக் குடிநீரில் பெற்ற எலிகளில் கொழுப்புச் சேர்வது குறைந்தது. முழுப் பழத்தின் உலர்பொடியைத் தின்ற எலிகளில் அது குறையவில்லை, உடல்நிறை கூடவே செய்தது. அடுத்த ஆண்டு பொஸ்ரனில் உள்ள ரஃப்ற்ஸ் பல்கலைக்கழகக் குழு வேறொன்றைக் கண்டது. உணவில் 4 சதவீதம் புளூபெரிப் பொடி சேர்த்தபோது எலிகளின் நிறை மாறவில்லை. ஆனால் கொழுப்பு இழையத்தில் அழற்சி குறைந்தது, கலங்கள் சாவது குறைந்தது, இன்சுலினுக்கு உடல் பதிலளிப்பது காக்கப்பட்டது.

இந்த இரண்டாவது முடிவு என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது. நிறைமானியில் எதுவும் தெரியாமலேயே, உள்ளே கொழுப்பு இழையம் ஆரோக்கியமாக இருக்க முடியும். கொழுப்பின் அளவு ஒரு கேள்வி, கொழுப்பின் நடத்தை இன்னொரு கேள்வி. புளூபெரி பற்றிய விளம்பரங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்கின்றன. ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கே விடை தருகின்றன.

மனிதரில் கண்டது

2010 இல் லூசியானாவின் பெனிங்ரன் ஆய்வு நிலையத்தில் ஏப்ரில் ஸ்ரலும் குழுவினரும் இன்சுலின் எதிர்ப்பும் பருமனும் உள்ள 32 பேரைத் தெரிவு செய்தனர். ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 45 கிராம் புளூபெரிப் பொடி கலந்த பானத்தை இரு வேளையாகக் குடித்தனர். மற்றப் பிரிவினருக்கு அதே சுவையும் சத்தும் உள்ள, புளூபெரி இல்லாத பானம். ஆறு வாரங்களுக்குப் பிறகு இன்சுலின் உணர்திறன் 10 சதவீதமோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் புளூபெரிப் பிரிவில் 67 சதவீதம், மற்றதில் 41 சதவீதம். உடல்நிறையும் கொழுப்பின் அளவும் மாறவில்லை. நிறை மாறாமல் பார்த்துக்கொள்ளும்படி பங்கேற்றவர்களிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

அதே ஆண்டு ஒக்லஹோமாவில் அர்ப்பிதா பாசுவின் குழு, அனுசேபக் கோளாறு உள்ள 48 பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 50 கிராம் பொடி கொடுத்தது. அது ஏறத்தாழ 350 கிராம் புதுப் பழத்துக்குச் சமம். குருதி அழுத்தம் குறைந்தது. ஒட்சியேற்றமடைந்த கெட்ட கொழுப்பும் குறைந்தது. உடல்நிறையும் குருதிக் குளுக்கோசும் மொத்தக் கொலஸ்ரரோலும் அப்படியே இருந்தன.

2019 இல் இங்கிலாந்தின் ஈஸ்ற் அங்கிலியாப் பல்கலைக்கழகம் நீண்டதொரு சோதனையை வெளியிட்டது. 115 பேர், ஆறு மாதம். நாளொன்றுக்கு ஒரு கோப்பை, அதாவது 150 கிராம் பழத்துக்குச் சமமான பொடி சாப்பிட்டவர்களின் நாடிகள் விரிந்து கொடுக்கும் திறன் கூடியது. அரைக் கோப்பை சாப்பிட்டவர்களில் அந்தப் பலன் தெரியவில்லை. இன்சுலின் எதிர்ப்பில் மாற்றம் இல்லை. ஆறு வாரத்தில் லூசியானா கண்டதை ஆறு மாதத்தில் இங்கிலாந்து காணவில்லை. பங்கேற்றவர்கள் வேறு, அளவு வேறு, அளந்த முறையும் வேறு. ஒரே கேள்விக்கு நல்ல ஆய்வாளர்கள் இருவர் வேறு விடை பெறும்போது, இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு மூன்றாவதற்குக் காத்திருப்பதே அறிவியலின் வழி.

நீண்டகாலக் கணக்கெடுப்புகளும் உண்டு. அமெரிக்காவில் 1,24,086 ஆண்களையும் பெண்களையும் 24 ஆண்டுகள் வரை தொடர்ந்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. அந்தோசயனின் உட்கொள்வதை நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கூட்டிக்கொண்டவர்களின் உடல்நிறை, நான்கு ஆண்டுகளில் மற்றவர்களைவிடச் சுமார் 100 கிராம் குறைவாக ஏறியது. 100 கிராம் மிகச் சிறிய வேறுபாடு. பழம் தின்பவர்கள் நடப்பதும் அதிகமாக இருக்கலாம், புகைப்பது குறைவாக இருக்கலாம். ஆய்வாளர்கள் அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் முழுவதும் கழிக்க முடியாது.

பதினொரு பேர், நாற்பது நிமிடம்

புளூபெரி கொழுப்பை எரிக்கிறது என்ற செய்திக்கு மிக நெருங்கிய சான்று 2023 இல் வந்தது. கலிபோர்னியாவின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சிப் பழக்கமுள்ள 11 ஆண்கள் முதலில் இரண்டு வாரம் அந்தோசயனின் உணவுகளைத் தவிர்த்தார்கள். பிறகு முகமூடி அணிந்து 40 நிமிடம் நடுத்தர வேகத்தில் சைக்கிள் மிதித்தார்கள். அதன்பின் இரண்டு வாரம் தினமும் 25 கிராம் காட்டுப் புளூபெரிப் பொடி சாப்பிட்டு, மீண்டும் அதே 40 நிமிடம் மிதித்தார்கள். இரண்டாம் முறை 20 ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 20 சதவீதமும், 30 ஆவது நிமிடத்தில் 43 சதவீதமும், 40 ஆவது நிமிடத்தில் 31 சதவீதமும் கூடுதலாகக் கொழுப்பு எரிந்தது. காபோவைதரேற்று எரிவது அதற்கேற்பக் குறைந்தது.

இது உண்மையான அளவீடு, மதிக்க வேண்டியது. இதன் பொருளை மட்டும் சரியாக எடைபோட வேண்டும். ஒருவர் நிமிடத்துக்கு 0.3 கிராம் கொழுப்பு எரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 நிமிடத்தில் 12 கிராம். அது 30 சதவீதம் கூடினால் மேலதிகமாக எரிவது 3.6 கிராம், சுமார் 32 கலோரி. குறிகட்டுவான் தேநீர்க் கடையில் ஒரு பிளேன்ரீக்குப் போடும் இரண்டு தேக்கரண்டிச் சீனியின் சக்தி அவ்வளவுதான். மேலும் உடற்பயிற்சியின்போது கொழுப்பைக் கூடுதலாக எரித்துக் குளுக்கோசை மிச்சம் பிடித்த உடல், மிச்சம் பிடித்ததை அன்று இரவே பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு நாள் முழுவதும் உண்டதும் செலவழித்ததும்தான் உடலின் கொழுப்பு இருப்பைத் தீர்மானிக்கும். நாற்பது நிமிட எரிப்பு அதைத் தனியே தீர்மானிக்காது.

இன்னும் இரண்டு குறிப்புகள். அந்த ஆய்வில் புளூபெரி சாப்பிடாத ஒப்பீட்டுப் பிரிவு இருக்கவில்லை. ஒரு சோதனையை இரண்டாம் முறை செய்யும்போது உடலும் மனமும் அதற்குப் பழகியிருக்கும். அதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. அடுத்து, அந்த ஆய்வுக்குக் காட்டுப் புளூபெரி உற்பத்தியாளர் சங்கம் நிதி கொடுத்தது. மனிதரில் நடந்த புளூபெரி ஆய்வுகளில் பலவற்றுக்குப் பின்னால் இத்தகைய சங்கங்களின் நிதி இருக்கிறது. நிதி கொடுப்பதால் முடிவு பொய்யாகிவிடாது. கேள்வியைத் தெரிவு செய்பவர் யார் என்பதை அது தீர்மானிக்கிறது. புளூபெரிக்குச் சங்கம் உண்டு, பணம் உண்டு, ஆகவே அதைப் பற்றி ஆய்வு குவிகிறது. நாவல் மரத்துக்கு அப்படி யாரும் இல்லை.

நாவல், இராசவள்ளி, பனம்பழம்

நாவற்பழத்தின் கருஞ்சிவப்பு நிறத்தைக் கொடுப்பவையும் டெல்பினிடின், பெற்றுனிடின், மல்விடின் குடும்பத்து அந்தோசயனின்கள்தான். புளூபெரியில் அவற்றோடு பெரும்பாலும் ஒரு சீனி மூலக்கூறு இணைந்திருக்கும், நாவலில் இரண்டு. நாக்கை ஊதாவாக்கும் அந்தப் பழமும் ரொறன்ரோவின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் பழமும் வேதியியலில் நெருங்கிய உறவினர். இராசவள்ளிக் கிழங்கின் ஊதா நிறமும் அந்தோசயனின்தான். கத்தரிக்காயின் தோலில் இருப்பது டெல்பினிடின் வகை. யாழ்ப்பாணத் தோட்டங்களில் விளையும் கறுப்பு முந்திரிகையின் தோலிலும் அதே குடும்பம் உண்டு.

நிறமி ஒன்று என்பதால் பலனும் ஒன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாவலைப் பற்றிய ஒரு பிரேசில் அனுபவம் இதற்குப் பாடம். நாவல் இலைத் தேநீர் நீரிழிவைக் குறைக்கும் என்ற நம்பிக்கை அங்கே பரவலாக இருந்தது. போர்ட்டோ அலெக்ரே நகரில் தெய்க்ஸீராவும் குழுவினரும் அதை மனிதரில் முறையாகச் சோதித்தபோது குருதிக் குளுக்கோசில் எந்தக் குறைவும் தெரியவில்லை. பழத்தின் கதை வேறாக இருக்கலாம், விதையின் கதையும் வேறாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

அப்படி அளக்கப்பட்ட தீவகத்துப் பழம் ஒன்று உண்டு: பனம்பழம். அதன் செம்மஞ்சள் களியில் கரோட்டீன் நிறைய இருக்கிறது. கூடவே ஒரு கசப்பும் இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரோல் ஜான்ஸும் அவருடைய மாணவர்களும் அந்தக் கசப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அது பிளபெல்லிபெரின் என்ற சப்போனின் குடும்பம். 2000 இல் வெளியான அவர்களுடைய ஆய்வு சுண்டெலிகளில் நடந்தது. கசப்புப் பொருள் சேர்ந்த உணவைத் தின்ற எலிகளின் நிறை ஏறுவது குறைந்தது. குடற்சுவரில் சோடியத்தை வெளியேற்றும் நொதியம் ஒன்றை அந்தப் பொருள் தடுப்பதும் தெரிந்தது. குடலிலிருந்து குளுக்கோசு உறிஞ்சப்படுவது அந்த நொதியத்தைச் சார்ந்தது. அது தடைப்பட்டால் உணவின் சீனி முழுமையாக உள்ளே வராது. 2006 இல் வந்த தொடர் ஆய்வு, எலிகளின் குடல் குளுக்கோசை எடுத்துக்கொள்வதில் இந்தப் பொருள் உண்டாக்கும் விளைவை நேரடியாக ஆராய்ந்தது.

இங்கே இரண்டு வழிகள் தெளிவாகப் பிரிகின்றன. புளூபெரியைப் பற்றிய கருதுகோள், உள்ளே வந்த சக்தியை உடல் கையாளும் விதத்தை அது மாற்றுகிறது என்பது. பனம்பழத்தைப் பற்றிய கண்டுபிடிப்பு, சக்தி உள்ளே வருவதையே அதன் கசப்பு குறைக்கிறது என்பது. இரண்டும் எலியில் சோதிக்கப்பட்டவை. புளூபெரி மனிதர்வரை வந்துவிட்டது. பனம்பழத்துக்கு அந்தப் பயணம் பெரும்பாலும் பாக்கியிருக்கிறது.

உணவாகும்போது நடப்பதையும் மறக்க முடியாது. பனங்களியில் மாவும் சீனியும் சேர்த்து எண்ணெயில் பொரித்த பனங்காய்ப் பணியாரம் ஆவணி, புரட்டாதியில் தீவக வீடுகளின் கொண்டாட்டம். அதைக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தாகச் சாப்பிட முடியாது. வெயிலில் காய்ந்த பனாட்டு எண்ணெய் இல்லாதது, ஆனால் பழத்தின் சீனி அதில் செறிந்திருக்கும். தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சும் இராசவள்ளிக் கஞ்சிக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் 1,87,382 பேரின் உணவுப் பழக்கத்தைத் தொடர்ந்த 2013 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இதையே வேறுவிதமாகக் காட்டியது. புளூபெரி, முந்திரிகை, அப்பிள் போன்றவற்றை முழுப் பழமாக உண்டவர்களுக்கு நீரிழிவு குறைவாக வந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது.

மெலிந்த உடலின் கொழுப்பு

இந்த விடயத்தில் நாம் அக்கறை கொள்வதற்கு ஆழமான காரணம் உண்டு. 2004 இல் புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜோன் யட்கினும் தங்கள் இருவரின் உடலையே அளந்து பார்த்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். தெற்காசியர் மெலிந்து தெரிந்தாலும் உள்ளே கூடுதலாகக் கொழுப்பைச் சுமக்கக்கூடும், அதுவும் வயிற்றுப் பகுதியில். அந்தக் கொழுப்பின் நடத்தை சீராக இருப்பது எங்களுக்கு மற்றவர்களைவிடவும் அவசியம்.

இலங்கையில் பெரியவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது என்ற எண்ணைத் தந்த தேசிய ஆய்வு 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்தது. அந்த ஆய்வில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை, போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் தீவுகளின் மக்கள் அந்த எண்ணுக்குள் இல்லை. அவர்கள் சாப்பிடும் பழங்களும் பெரும்பாலும் மனிதச் சோதனைகளுக்குள் வரவில்லை.

புளூபெரி பற்றி இன்றைக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது இது: அது நல்ல பழம், நாடிகளுக்கு உதவுகிறது என்பதற்கு ஓரளவு வலுவான சான்று உண்டு, இன்சுலின் உணர்திறனில் முரண்பட்ட சான்று உண்டு, உடற்பயிற்சியின்போது கொழுப்பு எரிவதைக் கூட்டலாம் என்பதற்கு ஒரு சிறிய ஆய்வு உண்டு, மனிதரில் உடற்கொழுப்பைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்தால் மகிழ்ச்சியோடு சாப்பிடலாம். சீனி சேர்க்காத பொதியாக இருந்தால் இன்னும் நல்லது. புளூபெரிக் குளிகைக்குப் பணம் செலவழிக்கவோ, நீரிழிவு மருந்தை நிறுத்தவோ அது காரணமாகாது. நாவற்காலத்தில் நாவலை உண்ணலாம். நடையும் மிதிவண்டியும் கொழுப்பை எரிப்பதற்கான சான்று இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, அதற்கு எந்தப் பருவமும் தேவையில்லை.

மிச்சமிருக்கும் வேலை ஆய்வாளர்களுடையது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் உண்டு. 1978 இல் தோன்றிய பனை அபிவிருத்திச் சபையின் ஆராய்ச்சி நிறுவகம் கைதடியில் உண்டு. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மக்களில் விரும்புகிறவர்களை இரு பிரிவாகச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். ஒரு பிரிவுக்கு உலர்த்திய நாவற்பொடி அல்லது கசப்பு நீக்காத பனங்களி, மற்றப் பிரிவுக்கு அதே சீனியும் அதே நிறமும் உள்ள வெறும் பானம். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாமல் ஆறு மாதம் கொடுக்க வேண்டும். மூச்சின் விகிதம், இடுப்பளவு, இன்சுலின், ஈரல் கொழுப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும். ஈரலுக்கோ குடலுக்கோ தீங்கு நேர்கிறதா என்பதையும் கூடவே கவனிக்க வேண்டும். இதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, புளூபெரிக்கு ஏற்கெனவே செய்ததை எங்கள் பழத்துக்குச் செய்தால் போதும். பலன் உண்டு என்று வந்தால் தீவகத்தின் பனைக்கும் நாவலுக்கும் புதிய மதிப்பு வரும். இல்லை என்று வந்தால் நோயாளர் ஒருவர் வீண் நம்பிக்கையில் மருந்தைக் கைவிடாமல் தடுக்கலாம். எந்த விடை வந்தாலும் அது எங்கள் மக்களின் உடலில் அளந்து பெற்றதாக இருக்கும்.